‘பழகிக்குங்க’ என்று சொல்லி அனுப்புவது வைத்தியமல்ல

காதில் இரைச்சல் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரை, “ஒண்ணுமில்லைங்க, வயசாயிடுச்சு, பழகிக்குங்க” என்று அனுப்பிவைப்பதை நம் ஊரில் யாரும் தவறாக நினைப்பதில்லை. வெளிச்சம் அடித்துக் காதைப் பார்த்தாயிற்று. அழுக்கில்லை, சவ்வில் ஓட்டையில்லை, சீழ் இல்லை. பத்து நாளுக்கு வைட்டமின் மாத்திரை எழுதியாயிற்று. அடுத்த ஆள் உள்ளே வரலாம். கூட வந்த மகனுக்கும் நிம்மதி, பெரிய செலவு வைக்கவில்லை. இரைச்சலோடு வந்தவர் இரைச்சலோடே வெளியே போகிறார். தன் துன்பம் துன்பமே இல்லை என்ற தீர்ப்பு ஒன்றும் இப்போது அவர் தலையில் ஏறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்கவில்லை. அதை வழங்குகிறவர்கள் பெரிய அநியாயத்தைச் சின்னக் குரலில் செய்கிறார்கள் என்பதே எங்கள் கருத்து.

வெளியே ஒலி எதுவும் இல்லாதபோதும் காதிலோ தலைக்குள்ளோ ஓயாமல் கேட்பது இந்தச் சத்தம். “வண்டு கத்துது” என்பார் ஒருவர், “கொய்ங்குன்னு இருக்கு” என்பார் இன்னொருவர். உட்காதில் நத்தை வடிவக் குழலுக்குள் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அங்கிருந்து வர வேண்டிய சேதி குறைந்ததும், மூளை தன் கேட்புக் கூர்மையை ஏற்றிக்கொள்கிறது. அந்த ஏற்றத்தில் கிளம்புவதுதான் இரைச்சல் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் விளக்கம். கேட்புச் சோதனையில் ‘நார்மல்’ என்று சீட்டு வாங்கியவருக்கும் இரைச்சல் இருக்க முடியும். ஆகவே அந்தச் சீட்டைக் காட்டி ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று வாதிடுவதில் அர்த்தமில்லை.

இதில் முக்கியமான சங்கதி வேறு. இரைச்சலின் அளவுக்கும் வேதனையின் அளவுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. சோதனையில் ஒப்பிட்டு அளந்தால் பெரும்பாலும் மெல்லிய சத்தமாகவே அது பதிவாகும். ஒரே அளவு சத்தத்தோடு ஒருவர் வேலைக்குப் போய் வருவார், இன்னொருவர் மாதக்கணக்கில் தூங்கியிருக்க மாட்டார். 1990இல் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இங்கேதான் உதவுகிறது. மூளையின் அச்ச மையங்கள் அந்தச் சத்தத்தை ஆபத்தின் அறிகுறி என்று முத்திரை குத்திவிட்டால், கவனம் அதைவிட்டு நகராது. கவனம் நகராவிட்டால் தூக்கம் போகும். தூக்கம் போனால் பதற்றமும் சோர்வும் வரும். பதறிய மூளை அதே சத்தத்தை இன்னும் பெரிதாகக் கேட்கும். மனச்சோர்வு இரைச்சலுக்குப் பின்னால் வருவதும் உண்டு, முன்னால் இருந்து இரைச்சலைத் தாங்க முடியாததாக ஆக்குவதும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன. காது டாக்டர் காதோடு நிற்க, மனநல மருத்துவர் மனத்தோடு நிற்க, நோயாளி இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள வராந்தாவில் நிற்கிறார்.

எத்தனை பேர்? உலக நாடுகள் பலவற்றின் ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வந்த கணக்கு, வயது வந்தோரில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் காதிரைச்சல் இருப்பதாகவும், 2 சதவீதம் பேருக்கு அது கடுமையாக இருப்பதாகவும் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியைச் சேர்ந்த நம் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2 லட்சம். அந்த விகிதம் இங்கும் பொருந்துமானால், குழந்தைகளைக் கழித்துவிட்டாலும், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த நூற்றறுபது சதுர கிலோமீட்டருக்குள் இரவில் விழித்துக் கிடக்கிறார்கள்.

அவர்களில் யார் அதிகம் இருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று கடலோரமாக நடந்தால் போதும். பைபர் படகின் டீசல் என்ஜினுக்கும் அதை ஓட்டுகிறவர் காதுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி. மூடி போட்டு அடைக்காத என்ஜின். போகும்போது அது, வரும்போது அது, வலை இழுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது. விசைப்படகில் தங்கிப் பிடிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் மோசம். என்ஜின் அறைக்கு மேலேதான் படுக்கை, நாள்கணக்கில் அது ஓடிக்கொண்டே இருக்கும். என்ஜின் பார்க்கிற பையன் பதினெட்டு வயதில் ஏறுகிறான். காதில் பஞ்சுகூட வைக்க மாட்டான், வைத்தால் கூட வருகிறவன் கூப்பிடுவது கேட்காது. மீனவர் குடும்பங்களில் உரத்துப் பேசுவதை ஊருக்குள் இருப்பவர்கள் முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்வதுண்டு. பலருக்கு அது குணமில்லை, காது.

சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது? தொழிற்சாலைக்கு என்றால் விதி இருக்கிறது: எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரம்பு, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு அறிவிக்கத்தக்க தொழில்நோய். கடலில் மிதக்கும் படகு தொழிற்சாலை ஆகாது. அங்கே டெசிபல் அளக்க எந்த இன்ஸ்பெக்டரும் ஏறியதில்லை. ஊனம் என்று கேட்கப் போனால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. செவித்திறனைப் பொறுத்தவரை இரண்டு காதிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பு வேண்டும். காதிரைச்சல் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு பெறும் குறைபாடுகளில் முதலிடத்தில் இருப்பது இதே காதிரைச்சல்தான். அங்கே அரசு நோயாளியின் சொல்லை நம்பிப் பணம் கொடுக்கிறது. இங்கே ஏன் நம்ப முடியவில்லை? கேட்கிறவனுக்கு மட்டும் கேட்கும் சத்தத்துக்கு எக்ஸ்ரே கிடையாது என்பதாலா? தலைவலிக்கும்தான் கிடையாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். என்ஜின் சத்தம் இல்லாத இரவுகள். சுற்றிலும் ஒலி இல்லாதபோதுதான் காதிரைச்சல் மேலோங்கித் தெரியும். இது இந்த நோயின் எளிய குணம். பத்து மாதம் என்ஜின் மூடிமறைத்த சத்தம் தடைக்காலத்தில் தலையணையில் தலை வைத்ததும் எழுந்து உட்காரும். கையில் வருமானமும் இல்லாத காலம் அது. பிறகு என்ன நடக்கும் என்பது காரைக்காலில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லை தாண்டி வந்து பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் வாங்கிப் போகிற சரக்கு, உள்ளூர்க்காரருக்கு நடந்து போகிற தூரத்தில் கிடைக்கிறது. குடித்தால் கண் அயர்கிறது என்று குடிக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, சத்தமும் கூடவே. ‘குடிகாரன்’ என்ற பெயர் மட்டும் நிலைக்கிறது. அந்தச் சரக்கின் வரி புதுச்சேரி அரசின் கஜானாவுக்குப் போகிறது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் தற்கொலை விகிதம் 2022இல் லட்சத்துக்கு 29.7 என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. நாட்டின் சராசரி 12.4. பல ஆண்டுகளாகவே நாட்டின் முன்வரிசையில் நிற்கும் பிரதேசம் இது. இதற்குக் காதிரைச்சல் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்ல ஆதாரமும் இல்லை. குடும்பத் தகராறு, கடன், குடி, தீராத நோய் என்று பல இழைகள் அதில் முறுக்கிக் கிடக்கின்றன. ஆனால் இப்படிப்பட்ட ஒரு பிரதேசத்தில், தூக்கத்தைத் தின்று நம்பிக்கையை அரிக்கிற ஒரு நோயைச் சில்லறைத் தொந்தரவு என்று ஒதுக்க எந்த மருத்துவருக்கும் அதிகாரிக்கும் உரிமை கிடையாது. அமெரிக்காவின் ‘டெக்சஸ் ரோட்ஹவுஸ்’ உணவகத் தொடரை நிறுவிய கென்ட் டெய்லர் 2021 மார்ச்சில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கொரோனாவுக்குப் பிறகு வந்த கடுமையான காதிரைச்சல் உள்ளிட்ட துன்பங்களோடு அவர் போராடிவந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். பணத்துக்கும் பெரிய மருத்துவமனைக்கும் குறைவில்லாத ஆள்.

சுவீடனிலிருந்து வந்த ஒரு சேதி எங்கள் வாதத்தின் மையம். ஸ்டாக்ஹோம் பகுதியில் 71,000க்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டிய தகவலை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். கடுமையான காதிரைச்சல் உள்ள பெண்களிடையே தற்கொலை முயற்சி அதிகமாக இருந்தது. ஆனால் மருத்துவரிடம் போய் ‘உங்களுக்கு இருப்பது இதுதான்’ என்று முறையாகக் கண்டறியப்பட்டவர்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. இரைச்சல் போய்விட்டதால் அல்ல. அதைப் போக்கும் மருந்து அங்கேயும் இல்லை. ஒரு மருத்துவர் உட்கார்ந்து கேட்டார், நோய்க்குப் பெயர் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். மருத்துவக் கவனிப்பே வேதனையைத் தணித்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆய்வு ஒன்றுதான், அதை வைத்து எல்லாவற்றையும் நிரூபித்துவிட முடியாது. இருந்தாலும் ‘பழகிக்குங்க’ என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசிக்கட்டும்.

குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில். மீன்கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகப் போகிற அம்மாவுக்கோ, வயலில் நாற்று நடுகிற அம்மாவுக்கோ காதில் சத்தம் வந்தால் என்ன பதில் கிடைக்கும் என்று விசாரித்துப் பாருங்கள். “மாதவிடாய் நிக்கிற வயசு”, “ரத்தம் கம்மி”, “சும்மா எதையாவது நினைச்சுக்கிட்டே இருக்கே.” ஆண்கள் குடித்தாவது காட்டிவிடுகிறார்கள். இவர்கள் அடுப்படியிலேயே அடக்கிக்கொள்கிறார்கள்.

வாயைத் திறக்க இன்னொரு பயமும் உண்டு. காதில் சத்தம் கேட்கிறது என்றால் ‘குரல் ஏதாவது கேட்குதா?’ என்று அடுத்த கேள்வி வரும். குரல் என்றால் பைத்தியம். பைத்தியம் என்றால் மகளின் கல்யாணம் நிற்கும். காதிரைச்சலில் யாரும் பேசுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெறும் ஒலிதான், அதை எந்த மருத்துவரும் ஐந்து நிமிடத்தில் பிரித்துச் சொல்லிவிட முடியும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. திருநள்ளாற்றுக்கு எள்விளக்குப் போடவும் நாகூர் தர்காவுக்கும் அழைத்துப் போகிறார்கள். போகட்டும், அங்கே ஆறுதல் கிடைக்குமென்றால் அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. மந்திரிக்கிறவரிடம் விட்டுவிட்டு வருவதுதான் எங்களுக்கு அச்சம் தருகிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் வெந்தார்களே, அவர்களையும் வீட்டார் நல்ல நம்பிக்கையில்தான் கொண்டுபோய் விட்டார்கள்.

இனி ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தீர்ப்பாகவே எழுதிவிட்டது. கிறீச்சிடும் பலகுரல் ஹாரனை மோட்டார் வாகன விதி 119 தடுக்கிறது. காரைக்கால் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் விதி 119 என்ன ஆயிற்று என்று தெரிந்துவிடும். கல்யாண வீட்டுப் பெட்டிகள், கட்சிக் கூட்டத்தின் கூம்புக்குழாய், சாவு ஊர்வலத்தில் குழந்தைகளின் காலடியில் வெடிக்கும் சரவெடி, இவை எல்லாவற்றுக்கும் காவல் நிலையத்தில் ஒரே பதில்தான்: “ஒருநாள் கூத்துதானே சார்.” கோயில் விழாவுக்கும் விலக்குக் கேட்பவர்கள் உண்டு. காரைக்கால் அம்மையார் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுரங்களையும் வாத்தியங்களையும் வரிசையாகப் பெயர் சொல்லிப் பாடியவர். அவ்வளவு நுட்பமான காது படைத்தவரின் பெயரால் நடக்கும் மாங்கனித் திருவிழாவில், பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத அளவுக்குப் பெட்டி வைப்பது பக்தியா என்று விழாக் குழுவினரே சொல்லட்டும்.

 

மருந்து இல்லை என்றால் என்னதான் செய்ய முடியும் என்று கேட்கலாம். நிறையச் செய்யலாம். முதலில் காரணம் தேட வேண்டும். அடைத்த குறும்பி, காதுச் சீழ், ரத்த அழுத்தம், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள், அளவு மீறிய ஆஸ்பிரின் எல்லாமே இரைச்சல் தரும். ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ கட்டாயம் மேல் பரிசோதனை வேண்டும். திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போய் இரைச்சலும் வந்தால் அது அவசர சிகிச்சைக்குரியது, சில நாளுக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் கேட்புத்திறனைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. ‘பழகிக்குங்க’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் இப்படி நாளைத் தவறவிட்டவர்களும் இருப்பார்கள். கேட்புத்திறன் குறைந்தவருக்குச் செவிக்கருவி வைத்தாலே பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 2020இல் காக்ரேன் அமைப்பு 28 ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, காதிரைச்சல் வாழ்க்கையைக் குலைப்பதை இந்தச் சிகிச்சை குறைக்கக்கூடும் என்று சொன்னது. சத்தம் நிற்காது. சத்தத்தின் மேல் விழுந்த ஆபத்து முத்திரை மெல்ல அழியும். வாரம் ஒரு முறை, சில மாதம், பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அதாவது பழகிக்கொள்வதுதான் சிகிச்சையும். அதற்கு வழி காட்டாமல் பழகிக்கொள் என்று சொல்வது, நீச்சல் தெரியாதவனை அரசலாற்றில் தள்ளிவிட்டு நீந்திக்கொள் என்று கரையிலிருந்து கத்துவது.

ஆனால் இங்கே விற்பது மாத்திரை. 2014இல் வெளியான அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டி, ஜிங்கோ பைலோபா, துத்தநாகம் போன்ற துணைச்சத்துகளைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அவற்றை எழுதுவது இங்கே இன்னும் நிற்கவில்லை. ‘நிரந்தரத் தீர்வு’ என்று கேபிள் டிவியில் ஓடும் எண்ணெய் விளம்பரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தூங்காதவனின் பையில் கைவிடுவது திருட்டு.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அரசு பொது மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் காலை எட்டு மணிக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால், உள்ளே இருக்கும் மருத்துவர்மேல் கோபம் வராது. அவருக்கு ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தை நிர்ணயித்தவர்களே முதல் குற்றவாளிகள். சின்னப் பிரச்சினை என்றாலும் தஞ்சாவூருக்கோ, 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரிக்கோ சீட்டு எழுதி அனுப்பும் வழக்கம் இந்த மாவட்டத்துக்குப் பழகிப்போய்விட்டது. 2016இல் ஜிப்மரின் காரைக்கால் கிளைக் கல்லூரி வந்தது. தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றும் இங்கே இருக்கிறது. இரண்டு மருத்துவக் கல்லூரிகள் உள்ள சின்ன மாவட்டத்தில் கேட்புச் சோதகர், காது மருத்துவர், மனநல ஆலோசகர் மூவரும் வாரம் ஒரு காலை ஒரே அறையில் உட்கார முடியாது என்றால், காரணம் வசதிக் குறைவு இல்லை, மனக் குறைவு.

இது யாசகமும் அல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. குறைந்தபட்சச் சேவையை அரசு தராத மாவட்டத்தில், அந்த மாவட்டத்திலேயே வேறு இடத்தில் பெறும் சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. காதிரைச்சலால் தூக்கமும் நம்பிக்கையும் இழந்தவர் அந்தப் பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கலாம். தாங்க முடியாத இரவுகளில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்கவே வேண்டாம்.

தடைக்காலத்தில் மீன்வளத் துறை அதிகாரிகள் துறைமுகத்துக்கு வந்து ஒவ்வொரு படகாகப் பார்க்கிறார்கள். பதிவெண் சரியா, என்ஜின் எத்தனை குதிரைத்திறன், நிறம் விதிப்படி அடித்திருக்கிறதா என்று குறித்துக்கொள்கிறார்கள். அதே நாளில், அதே இடத்தில், சுகாதாரத் துறை ஒரு மேசை போடட்டும். படகோடு நிற்கிற ஒவ்வொருவரின் காதையும் சோதிக்கட்டும், எப்படித் தூங்குகிறாய் என்று ஒரு கேள்வி கேட்கட்டும். கரையில் விற்கும் பெண்களையும் அந்த வரிசையில் சேர்க்கட்டும். என்ஜினை மூடும் உறைக்கும் காதுக்கவசத்துக்கும் மானியம் கொடுக்கட்டும். வலைக்கும் டீசலுக்கும் கொடுக்கிற அரசுதானே. வருகிற ஏப்ரல் 15க்குள் இந்த உத்தரவு வர வேண்டும். மாவட்ட ஆட்சியரும் சுகாதாரத் துறையும் மீன்வளத் துறையும் பதில் சொல்லட்டும்.